அளவு ஜாக்கெட் பழசு: எடை குறைந்தும் குறையாத உடல் பிம்பம்

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்து வந்து தெருமுனை டைலரிடம் கொடுக்கும்போது கூடவே ஓர் அளவு ஜாக்கெட்டும் போகும். இன்ச் டேப் பிடித்து அளப்பதைவிட அது சுலபம். டைலர் ஆண் என்றால் கூச்சமும் மிச்சம். அந்த ஜாக்கெட் எந்த வருடம் தைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இடையில் 20 கிலோ குறைந்த பெண் பழைய அளவு ஜாக்கெட்டையே கொடுத்தால், புதுத் துணி பழைய உடம்புக்குத் தைத்து வரும். டைலரைக் குறை சொல்ல முடியாது.

மனசுக்குள்ளும் அப்படி ஓர் அளவு ஜாக்கெட் கிடக்கிறது. உளவியலில் அதற்கு உடல் பிம்பம் என்று பெயர். என் உடம்பு இந்த அளவு என்று மனதில் பதிந்த படம், அதைப் பற்றிய நினைப்பு, அந்த நினைப்பால் வரும் வெட்கமோ நிம்மதியோ, அதற்கேற்ப நாம் செய்வது, இந்த நான்கும் சேர்ந்ததுதான் அது. கண்ணாடி காட்டுவது இதில் ஒரு சிறு பங்கு மட்டுமே. எடை மெஷின் 88-லிருந்து 66-க்கு இறங்கிவிடும். இந்தப் படம் 88-லேயே நிற்கும். மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு வருடக்கணக்கில்.

ஷேர் ஆட்டோவில் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த பிறகும் நான்காவதாக ஒருவர் ஏறுவார். முன்பு பருமனாக இருந்த பெண், இப்போது இடம் தாராளமாக இருந்தும், விளிம்பில் ஒரு தொடையை மட்டும் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். மூலக்கொத்தளம் சந்தில் நிறுத்தி வைத்த இரண்டு பைக்குகளுக்கு நடுவே நேராக நடக்கலாம். அவள் பக்கவாட்டில் திரும்பித்தான் போவாள். இதை அவள் யோசித்துச் செய்வதில்லை. இடுக்கில் புகவும் கதவைத் தாண்டவும் மூளை தன்னிடம் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. பத்து வருடம் இடித்து இடித்துப் பழகிய வரைபடம் அது. திருத்துவதற்கும் அத்தனை தடவை இடிக்காமல் போய்ப் பழக வேண்டும். கடையில் எம் சைஸ் சரியாக இருந்தும் எக்ஸ்எல் சுடிதாரில் கை போவது இதே கதைதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் பாவாடை நாடா ஒன்று எடுங்கள். தரையில் போட்டு, உங்கள் இடுப்புச் சுற்றளவு இவ்வளவு இருக்கும் என்று தோன்றும் அளவுக்கு வட்டமாக வையுங்கள். முனை சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. பிறகு அதே நாடாவை இடுப்பில் சுற்றி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. எடை குறையாதவர்களுக்கும் முதல் கோடு கொஞ்சம் வெளியேதான் விழும். வட்டத்தைக் கண்ணால் கணிப்பது யாருக்கும் கடினம். ஆகவே ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். மாதம் ஒரு முறை செய்து, இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். சுருங்கினால் மனசு உடம்பை எட்டிப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பசி பார்வையையே மாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் பாதி வயிற்றில் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எலும்பும் தோலுமாக ஆன பிறகும் அவர்களில் சிலருக்குத் தாங்கள் மெலிந்ததாகத் தோன்றவில்லை; எதிரே வருகிறவர்கள்தான் பருத்துத் தெரிந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்பு சேர்த்தார்கள். அழகு பற்றிய கவலை எதுவும் இல்லாமல் ஆய்வுக்கு வந்த ஆண்கள் இவர்கள். பட்டினி கிடந்து எடை குறைக்கிற பெண்ணிடம் ‘உனக்கு எப்பவும் அந்த நெனப்புதான்’ என்று எரிந்து விழுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

உடம்பில் நடப்பது

20 கிலோ என்பது வாசலில் இறக்கி வைக்கிற ஒரு தண்ணீர் கேன். அதைத் தூக்கிக்கொண்டே மூன்று மாடி ஏறியவள் இனி வெறுங்கையோடு ஏறுகிறாள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. இது ஒன்றே போதும், முயற்சி வீணில்லை என்று சொல்ல.

கணக்கு எளிது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கலாம். முதல் இரண்டு வாரத்தில் மூன்று, நான்கு கிலோ குறைந்தால் துள்ள வேண்டாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் இருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. பிறகு வேகம் குறையும். உடம்பு சிறிதானால் அதற்குத் தேவையான சாப்பாடும் குறையும், போதாததற்கு உடம்பு செலவையும் இழுத்துப் பிடிக்கும். எட்டாவது மாதத்தில் எடை அசையாமல் நிற்பது சோம்பேறித்தனம் இல்லை.

வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நல்ல வேகம். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தால் காஸ் என்று தள்ளிவிடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எடை குறையக் குறைய டோஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய டோஸே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, மதியம் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே பேச்சு: எழுந்தால் கிறுகிறுவென்று வருகிறது என்றால் மாத்திரை இப்போது அதிகமாக இருக்கலாம்.

கரைவது கொழுப்பு மட்டும் இல்லை. குறைந்த எடையில் கால் பங்கு வரை தசையும் தண்ணீரும் போகலாம். அதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, வாரம் இரண்டு நாளாவது பாரம் தூக்குவது. ஜிம் கட்டாயமில்லை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது 10 தடவையாக மூன்று சுற்று, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில். இன்னொன்று புரதம். எட்ட நினைக்கும் எடை 60 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். காசிமேட்டு மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. இரண்டு முட்டையில் 12 கிராம், 150 கிராம் நெத்திலியோ சங்கராவோ குழம்பில் போட்டால் 27-க்கு மேல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 அல்லது 9, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 8, தயிர் ஒரு கிண்ணத்தில் 6. அறுபது தாண்டிவிட்டது. வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. விலை குறைந்த மீனில் புரதம் குறைவதில்லை. கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. காலையில் டப்பா பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு மதியம் வெறும் ரசம் சாதம் என்றால் தசையும் சேர்ந்தே போகும்.

இனி, யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம்: தோல். தோலை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் வருடக்கணக்கில் விரிந்து கிடந்தவை. உள்ளே இருந்த கொழுப்பு போனதும் முழுசாகச் சுருங்காது. வயது, பிரசவம், எத்தனை வருடம் பருமனாக இருந்தார் என்பதைப் பொறுத்து அடிவயிறு, மேல்கை, தொடை, மார்பு தளர்ந்து தொங்கும். எண்ணெய் தேய்ப்பதாலும் க்ரீமாலும் இது ஏறாது, விளம்பரம் என்ன சொன்னாலும். தசை கூடினால் கொஞ்சம் நிரவும். நிறையத் தொங்கினால் அறுவை சிகிச்சைதான் வழி. அதையும் எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் யோசிக்க வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு இன்னும் பத்துக் கிலோ குறைத்தால் மறுபடி தொங்கும்.

பல பெண்கள் இந்த இடத்தில்தான் உடைந்து போகிறார்கள். சேலை கட்டினால் எல்லோரும் ஆஹா என்கிறார்கள், குளியலறையில் தனக்கு மட்டும் தெரிகிற உடம்பு முன்பைவிட அந்நியமாக இருக்கிறது. இரண்டுமே உண்மை. இதைச் சொன்னால் ‘இன்னும் இன்னாதான் வேணும் உனக்கு’ என்று கேட்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

தோல் மடிப்புக்குச் சென்னையின் புழுக்கம் பகை. ராயபுரத்தில் கடற்காற்று வீசினாலும் அது ஈரக் காற்றுதான். மார்புக்குக் கீழும் அடிவயிற்று மடிப்பிலும் வியர்வை தங்கி, தோல் தோலோடு உராய்ந்து சிவக்கும், பிறகு படை வரும். குளித்தவுடன் மடிப்பைத் தூக்கிப் பழைய காட்டன் வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஃபேனுக்கு நேராக இரண்டு நிமிடம். பிறகே பாவாடை. அந்த வேட்டித் துணியையே நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து மடிப்புக்குள் வைத்து, வேலைக்குப் போகிறவர்கள் மதியம் ஒரு தடவை மாற்றலாம். பவுடரைக் கொட்டினால் வியர்வையில் கட்டியாகி இன்னும் உறுத்தும். வட்டமாகப் பரவி அரித்தால் க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு, நாளுக்கு இரண்டு வேளை, தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம். மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துத் தருகிற கலவைக் களிம்பில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், படை உள்ளுக்குள் பரவும், மடிப்புத் தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழியும்.

முடி கொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. எடை வேகமாக இறங்கி இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வரும். அப்போது சாப்பிடுவதற்கு அல்ல, அதற்கு முன்பு பட்டினி கிடந்ததற்கான பலன் அது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் நிற்கும். நிற்காவிட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பார்க்கலாம். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கும். கருத்தரிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே திரும்புகிறது; ‘எனக்குத்தான் தங்காதே’ என்று கருத்தடை இல்லாமல் இருந்தவர்கள் கவனிக்க. நேர்மாறாக, அளவு மீறி மெலிந்து மூன்று மாதம் தீட்டே வரவில்லை என்றால் அது நல்ல அடையாளம் இல்லை.

தெருவின் அளவு ஜாக்கெட்

‘இன்னாக்கா, ஒடம்புக்கு இன்னா? மூஞ்சி ஒட்டிப் போயி கீது. சுகரு கிகரு வந்துச்சா?’

குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில் இது வரும். கேட்பவர் மேல் கோபப்படும் முன்பு ஒன்றை யோசிக்கலாம். தொழிற்சாலைப் புகையும் நெருக்கமான வீடுகளும் டிபியும் கண்ட பகுதி இது. இளைத்துப் போனவர் ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நினைவு பல வீடுகளில் இருக்கிறது. பூசினாற்போல் இருப்பது என்றால் வீட்டில் சோறு இருக்கிறது, புருஷன் சரியாக வைத்திருக்கிறான் என்று பொருள். சதை போட்டிருக்க என்பது அன்று பாராட்டு. அந்தக் கண்ணுக்கு மெலிவு என்றால் நோய், இல்லையென்றால் துக்கம். பிரிவில் வாடிய தலைவியின் கைவளை கழன்று விழும் என்று சங்கப் பாட்டிலேயே உண்டு. ஊரார் அதைப் பார்த்துப் பேசும் பேச்சுக்கு அலர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வளையல் 2.6 அளவிலிருந்து 2.4-க்கு இறங்கியதை இன்றும் முதலில் கவனிப்பது எதிர்வீட்டு அக்காதான்.

ஆனால் இதே தெருவில் குண்டு, பீப்பா, பூசணிக்கா என்று கூப்பிட்டதும் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ‘பொண்ணு கொஞ்சம் ஒடம்பு’ என்று இழுத்துவிட்டுப் போனதும் நடந்தது. பருத்தால் வைவது, குறைந்தால் இரங்குவது. நடுவில் சரியான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தோன்றும், தேடினால் கிடைக்காது. வடசென்னையில் குத்துச்சண்டைக்கு எடை இறக்குகிற பையன்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. போட்டிக்காக நாலு கிலோ குறைத்தவனிடம் யாரும் சுகரா என்று கேட்பதில்லை, எந்த வெயிட்டில் இறங்குகிறாய் என்றுதான் கேட்பார்கள். அவன் உடம்பு அவன் வேலைக்கானது. கூடை சுமந்து மீன் விற்கிற பெண்ணின் உடம்பும் வேலைக்கானதுதான். அதை மட்டும் பார்வைக்கானதாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

பதில் சொல்லும் விதத்துக்கு வருவோம். அக்கறையில் கேட்பவரிடம் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ‘நானா கொறச்சதுதான்க்கா, டெஸ்ட் எல்லாம் நல்லா கீது.’ எப்படிக் குறைத்தாய், எத்தனை கிலோ என்று தோண்டுகிறவருக்கு எண் சொல்லாதீர்கள். எண் வெளியே போனால் அடுத்த மாதம் ‘ஏறிடுச்சா?’ என்று திரும்பி வரும். ‘டாக்டர் பாத்துக்கிறாங்க’ போதும். குத்திப் பேசுகிறவரிடம் விளக்கம் கூடவே கூடாது. ‘உன் கால் வலி எப்படிகீது ஆயா?’ என்று பேச்சைத் திருப்பிவிட்டால் பத்து நிமிடம் கால் வலி ஓடும்.

திட்டைவிடப் பாராட்டு சிக்கலானது. ‘இப்பதான்டி ஷோக்கா கீற’ என்றால், போன வருடம் வரை என்ன என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. எடை கொஞ்சம் திரும்பினால் பாராட்டியவர் கண்ணில் படாமல் வேறு சந்து வழியாகப் போகத் தோன்றும். எடை திரும்புவதோ அபூர்வமில்லை. 2025-இல் பசியைக் குறைக்கும் டிர்செப்படைட் ஊசியும் எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாக்ளூடைடை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வே காட்டியது. மருந்து பொய் என்று இல்லை; உடம்பு தன் பழைய எடையை நினைவில் வைத்திருக்கிறது. பாராட்ட ஆசைப்படுகிறவர்கள் ‘மூச்சு வாங்காம ஏறிட்டியே’ என்று செய்த காரியத்தைச் சொல்லலாம். பக்கத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளை நின்றால் உடம்புப் பேச்சே வேண்டாம். அம்மாவைப் பற்றிச் சொன்னதை அவள் தன் உடம்புக்கு அளவாக எடுத்துக்கொள்வாள்.

தெரு கேட்பது சரியாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. முயற்சி ஏதும் இல்லாமல், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம், அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ, போயிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, டிபி, புற்றுநோய், மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை சேர்ந்தால் சளிப் பரிசோதனை உடனே. அரசு சுகாதார மையங்களில் அது இலவசம்.

கண்ணைப் பழக்குவது

முழு உயரக் கண்ணாடி முன் மூன்றடி தள்ளி நின்று, தலையிலிருந்து பாதம் வரை ஐந்து நிமிடம். வயிற்றில் மட்டும் கண் போய் ஒட்டும். அதை நகர்த்துவதுதான் பயிற்சி. அசிங்கம், தொங்கல் போன்ற சொற்களை விட்டு, ‘கை முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு, இடது பக்கம் தழும்பு’ என்று டைலர் அளவு சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிட்டப் போய் நின்று கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பது எதிர்வேலை செய்யும். மாதம் ஒரு போட்டோ, அதே சுவர், அதே வெளிச்சம், அதே நைட்டி. எடை வாரம் ஒரு முறை, காலையில், டாய்லெட் போய் வந்த பின். தீட்டு நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறும், அதைப் பதிய வேண்டாம். இடுப்பை அளக்க, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் டேப் போடுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை, அதற்கு மேலே சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது.

ஒரு நாளில் நாலைந்து தடவை எடை பார்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடாமல் தவிர்ப்பது, எவ்வளவு குறைந்தாலும் இன்னும் குண்டு என்று வெளியே வராமல் இருப்பது, இவை பிடிவாதம் இல்லை, நோயின் அடையாளம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகத் துணி. குறையக் குறைய எல்லா ஜாக்கெட்டையும் பிடிக்கக் கொடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். பக்கத் தையலில் இரண்டு, மூன்று அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் கைக்குழி பெரிதாகவே நிற்கும், தோள் நழுவும், டாட் முனை இடம் மாறி அக்குளுக்கு நகரும். நல்ல டைலர் அந்த நிலையில் பிரித்து வெட்ட வேண்டும் என்பார், நம்பலாம். அதுவரை இரண்டு ஜாக்கெட், இரண்டு டாப்ஸ் போதும். எடை மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றதும், பழைய அளவு ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய், டேப்பில் அளவெடுத்து ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் துணி உள்ளே விடச் சொல்ல மறக்காதீர்கள்.